உப்புத்திட்டில் பயம் ஐந்து

காலையில் பல் துலக்கியதும் மங்கையர்க்கரசி காதுக்குப் பின்னால் இருந்த திருகைத் திருப்பிப் பயத்தை ஐந்தில் வைத்தாள். கூடாரக் கதவின் தாழை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். எதிரே துளைப்பாளர் சூசை தம் திருகைத் திருப்பிவிட்டு வழக்கம்போல ஏப்பம் விட்டார். வேலை நாள் தொடங்கிவிட்டது.

டைட்டனில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூன்றாம் மாதமே மரண பயத்துக்குத் தடுப்பூசி போட்டுவிடுவார்கள். சனியின் துணைக்கோளில், மீத்தேன் கடலோரத்தில் குடியிருக்க வேறு வழியில்லை. ஊசி போடாவிட்டால் எவனும் கதவைத் திறந்து வெளியே போகமாட்டான். ஊசி நன்றாகவே வேலை செய்தது. அதுதான் சிக்கல்.

உப்புத்திட்டு அந்தக் கடலில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு. டைட்டனில் பாறை என்றால் பனிக்கட்டிதான். கருங்கல்லாக இறுகிய பனி. அதற்கு அடியில், ஆழத்து உவர்நீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. சுருங்கச் சொன்னால், தீவு ஒரு குக்கர் மூடி. எப்போதோ அந்த உவர்நீர் விரிசல்களில் ஏறி உறைந்ததில் பாஸ்பரஸ் உப்பு நரம்பு நரம்பாகப் படிந்திருந்தது. அந்த உரம் கிடைக்காவிட்டால் குடியிருப்பின் கீரைப் பாத்திகள் கருகிவிடும்.

முதல் ஆய்வுக் குழு அழுத்தமானி சிவப்புக்குப் போனதும் ஆர்வத்தோடு குனிந்து பார்த்தது. அப்படியே போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக எந்திரன்களை அனுப்பினார்கள். அவை குனிந்துகூடப் பார்க்கவில்லை. நிறுவனத்துக்கு ஞானோதயம் பிறந்தது: ஓடத் தெரிந்தவர்கள்தான் தோண்டலாம். மூன்றாவது குழுவின் மூளையில் அச்சச் சில்லும் காதுக்குப் பின்னால் அதன் திருகும் பொருத்தினார்கள். ஆபத்து கூடினால் சில்லு தானாகவே பயத்தைப் பத்துவரை ஏற்றும். கால்கள் படகை நோக்கி ஓடும். மங்கையும் சூசையும்தான் அந்தக் குழு.

அன்று உப்பு நரம்பைத் தொடும் நாள். துளைப்பான் இறங்கிக்கொண்டிருக்க, மண்டல மேலாளர் குருபாதம் குடியிருப்பிலிருந்தபடியே கூடாரத்துத் திரையில் தோன்றித் தொடக்கவுரை ஆற்றினார். தீவின் ஆய்வு வரலாற்றில் தம் பங்கு என்ன என்ற பகுதிக்கு அவர் வந்தபோது அழுத்தமானி சிவப்பைத் தொட்டது. மங்கையின் பயம் ஏழுக்குத் தாவியது. காலடியில் தரை உறுமியது. எட்டு.

"மேடம், போயிரலாம்," என்றார் சூசை, உதட்டை அசைக்காமல்.

"சார் பேசிட்டிருக்காருண்ணே."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நீங்கதான வயசுல மூத்தவரு. நீங்க சொல்லுங்க."

ஒன்பது. சூசையின் கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின. படகு வாசலையொட்டித்தான் நின்றது. இருவரும் திரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

தீவு விரிசல் விட்டது. வெளியே எதுவோ முறிந்து விழுந்தது. குருபாதம் சட்டென்று பேச்சை நிறுத்தினார். வாய் பாதி திறந்திருக்க, புருவத்தை உயர்த்தி அவர்களையே பார்த்தார்.

மங்கை மன்னிப்புக் கேட்டாள். வெளியில் கொஞ்சம் சத்தம், தொடரலாம் சார் என்றாள். பதில் இல்லை. இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். கூடாரத் தரை குறுக்கே பிளந்தது. மங்கை பிளவின்மேல் காலை அகட்டி வைத்துக்கொண்டாள்.

"கண்ணே சிமிட்டலியே, மேடம்."

"கடுப்புல இருக்கார். வாயத் தெறக்காதீங்க."

வெளியே முறிந்தது அலைக்கம்பம். இணைப்பு அப்போதே அறுந்துவிட்டது. திரையில் மிஞ்சியிருந்தது வெறும் உறைந்த படம். அதன் முன்னால், பயம் பத்தில் துடிக்க, இருவரும் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவழியாகப் புரிந்தபோது ஓடினார்கள். மங்கை படகுக்குள் போய் விழுந்தாள். சூசை வாசலிலேயே தயங்கினார்.

"சொல்லாமக் கொள்ளாமப் போனா நல்லாருக்காது. இணைப்பு வந்ததும் போற மாதிரி ஒரு செய்தி தட்டிவிட்டுட்டு வந்துர்றேன்," என்று உள்ளே திரும்பினார்.

உவர்நீர் கூடாரத்தையும் அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஆரஞ்சு வானத்துக்குள் போனது.

விசாரணைக் குழுவுக்குக் குருபாதமே தலைமை வகித்தார். மங்கையின் சில்லை மருத்துவர்கள் முந்தைய நாளே கழற்றியிருந்தார்கள். சாவைப் பற்றி இப்போது அவளுக்கு எள்ளளவும் பயமில்லை. பின்வரிசையில் நான்காவது குழு உட்கார்ந்திருந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி.

குருபாதம் அன்பாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, உங்களுக்கு வெச்ச பயம் பத்தலையோ?"

வழிநெடுக ஒத்திகை பார்த்து வந்த பதில் அவள் தொண்டையில் தயாராக இருந்தது: பயம் முழுசா இருந்துச்சு சார், உங்களப் பாத்துதான் நின்னுட்டோம். மங்கை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் கணவனின் விரல்களைப் பிடித்திருந்தாள். மங்கை மறுபடி முன்னால் திரும்பினாள். குருபாதம் புருவத்தை உயர்த்தியிருந்தார். அவள் உள்ளங்கை வியர்த்தது.

"ஆமாங்க சார். கொஞ்சம் பத்தல."

அடுத்த குழுவுக்குத் தொடக்க அளவு எட்டு என்று முடிவாயிற்று. நடந்ததைக் கருதி இம்முறை தம் தொடக்கவுரை சற்று விரிவாக இருக்கும் என்றும் குருபாதம் அறிவித்தார். பின்வரிசை ஜோடி கைதட்டியது. மங்கை அவர்களைவிடப் பலமாகத் தட்டினாள்; மேலாளர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.