கொடுக்காத ஆணை

காலை ஏழரைக்குக் குளோரிந்தா நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தன் இருக்கையில் அமர்ந்தபோது தூத்துக்குடி வட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சல். திரையில் ஒவ்வொருவராகத் திறந்து ஆணை கொடுத்துக்கொண்டே வந்தாள். ஓர் ஆசிரியையின் உடம்பில் உதவியணுக்களை எழுப்பினாள். கிருமி புகுந்த செல்களை அழிக்க அவை கொல்லணுக்களைத் தூண்டின. இன்னொருவருக்கு நோய் தீர்ந்திருந்தது. அடக்கணுக்களை ஏவிக் கொல்லணுக்களை ஓயவைத்தாள். எல்லாம் நோயை எதிர்க்கும் டி செல்கள்தாம், வேலைதான் வேறு வேறு.

ஐந்து வயதானால் எல்லோருக்கும், இந்த அணுக்களை அளந்து ஆணைப்படி இயக்கும் ஏவற்சில்லு பதித்துவிடுவார்கள். பெருங்காய்ச்சல் ஆண்டில் கொல்லணுக்கள் கட்டுமீறி நுரையீரலையே அரித்து லட்சக்கணக்கானோர் இறந்தபின் வந்த சட்டம் அது. அடுத்த நாற்பது ஆண்டுகளில், உடம்பு தானாகத் தொடங்கட்டும் என்று யாரும் காத்திருந்ததில்லை. உடம்புக்கு அந்த வேலை மறந்தே போயிருக்கும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள்.

அதனால்தான் ஐந்து நாட்களாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மன்னார் வளைகுடாவில் ஒரு தீவுக்குப் பவளப்பாறை ஆய்வுக்காகப் போன தங்கை ஜெசிந்தா, காய்ச்சல் என்று செய்தி அனுப்பிய அன்றே புயல் அங்கிருந்த தொடர்புக் கோபுரத்தைச் சாய்த்துவிட்டது. ஆணையும் போகவில்லை, படகும் போகவில்லை.

பதினொரு மணிக்குத் தொடர்பு மீண்டது. ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. தொடர்பு அறுந்து திரும்பியவர்களுக்கு முதலில் உதவியணுக்களை எழுப்ப வேண்டும் என்பது விதி. குளோரிந்தாவின் விரல் ஆணைமீது போய் நின்றது. ஆனால் உதவியணுக்கள் ஏற்கெனவே எழுந்திருந்தன. கொல்லணுக்கள் பெருகி, கிருமி பாதியாகக் குறைந்திருந்தது. அடக்கணுக்களும் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தன.

மேலாளர் செல்லத்துரை பின்னால் வந்து நின்று, ஏன் தாமதம் என்று கேட்டார்.

“இப்ப எழுப்புனா அடங்குறதெல்லாம் திரும்பக் கிளம்பிரும் சார்.”

“அடக்கணு தானா ஏறாதும்மா. அளவு தப்பா காட்டுதோ என்னவோ. விட்டுட்டு ஏதாவது ஆச்சுன்னா?”

“என் தங்கச்சி சார் அவ, ஏதாவது ஆக விடுவேனா?” என்றாள் குளோரிந்தா. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

செல்லத்துரை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு மணிக்கு நூற்றிரண்டு. இரண்டு மணிக்கும் அதே. மூன்றரைக்கு நூறு. அடக்கணுக்கள் ஏற ஏறக் கொல்லணுக்கள் வேலையை முடித்துக்கொண்டு மடியத் தொடங்கின. கொஞ்சம் மட்டும் மடியாமல் தங்கின. இதே கிருமி மறுபடி வந்தால் அடையாளம் கண்டுகொள்ளும் நினைவணுக்கள் அவை.

நாலு மணிக்கு ஜெசிந்தாவின் குரல் வந்தது.

“அக்கா, வேர்த்துக் கொட்டுது. பசிக்குதுக்கா. என்ன ஆணை கொடுத்த?”

“ஒண்ணும் கொடுக்கலட்டி. எல்லாம் உன் உடம்பே பாத்துக்கிச்சு.”

சொல்லி முடிக்குமுன் குளோரிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. செல்லத்துரை எழுந்து போய் இருவருக்கும் டீ கொண்டுவந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் அடுத்த நோயாளியைத் திறந்தாள். காயல்பட்டினத்துக்காரர், லேசான சளி. பழக்கத்தில் விரல் ஆணைக்குப் போயிற்று. அதை அழுத்தாமல், அந்த மனிதரின் உடம்பு என்ன செய்யப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.