மணி கட்டிய மான்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி.

கித்துல்தெனிய மறியற்சாலையின் நான்காம் அறையைத் திறந்த காவலர் ஜௌபர், கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். யாகோப்பு சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தார். வாயோரத்தில் நுரை காய்ந்திருந்தது. அறை முழுவதும் பூச்சிமருந்தின் காட்டமான வாடை. கதவு முதல்நாள் மாலை பூட்டியபடியே இருந்தது. சன்னல் என்று சொல்லக் கை நுழையாத ஒரு துவாரம் மட்டுமே.

எட்டு மணிக்குள் குற்றவாளியும் கிடைத்துவிட்டார். இறந்தவரின் மனைவி இருதயம்மா. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிள்ளைகள் இருவருக்கும் மரவள்ளி அவித்துக்கொண்டிருந்தவரைப் பொலிஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது.

பொலிஸாரின் வாதம் எளிமையானது. யாகோப்பு விஷத்தால் இறந்தார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவருடைய அறைக்கு வெளியிலிருந்து போன பொருள் ஒன்றே ஒன்று: சனிக்கிழமை காலை மனைவி கொண்டுவந்த ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். யாகோப்பு தோட்டத்தில் மருந்தடிக்கும் தொழிலாளி. ஆகவே வீட்டில் மருந்து இருந்திருக்கும். திங்கட்கிழமை நீதவான் முன்னிலையில் கொலைக் குற்றச்சாட்டு. அது நடந்தால் தோட்டத்துரை லயத்து அறையைப் பூட்டிவிடுவார். பிள்ளைகள் நிற்பது தெருவில்.

அது எழுபத்துநான்காம் ஆண்டு. தோட்டங்களில் பசி குடியிருந்த காலம். வழக்கு முடியும்வரை யாகோப்பு விளக்கமறியலுக்கு வந்ததும் களஞ்சியத்தில் ஒரு சுண்டு கோதுமை மா எடுத்தார் என்ற குற்றச்சாட்டின் பேரிலேதான்.

செய்தி பதுளைக் கடைவீதிக்கு வந்தபோது, இரும்புக்கடை பலீல் ஹாஜியார் கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்தார். அவர் சிறைப் பார்வையாளர் குழுவின் உறுப்பினர். அந்தப் பதவிக்குச் சம்பளம் இல்லை. உரிமை ஒன்று உண்டு. எந்த நாளிலும் எந்த வேளையிலும், யாருக்கும் சொல்லாமல் மறியலுக்குள் நுழைந்து எந்தக் கைதியோடும் பேசலாம். நல்ல மனிதராகிய அவர், நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் முதல்நாளே டெலிபோனில் அறிவித்துவிட்டுத்தான் போனார். அது மரியாதை என்பது அவர் எண்ணம். போன நாட்களில் சுவரெல்லாம் வெள்ளையடித்திருக்கும். சோற்றோடு பருப்பும் இருக்கும். திரும்பும்போது ஜெயிலர் பாக்கியநாதன், மறியலின் பின்புறம் தாம் போட்டிருந்த தோட்டத்திலிருந்து கோவா என்னும் முட்டைக்கோசு இரண்டை வெட்டிக் காரில் வைப்பார்.

ஒரு காட்டில் சிறுத்தையின் குகையைக் கண்காணிக்க மானொன்றை நியமித்தார்களாம். சொல்லாமல் நுழைவது பண்பல்ல என்று அந்த மான் கழுத்தில் மணி கட்டிக்கொண்டு போயிற்று. போன நாளெல்லாம் சிறுத்தை புல் தின்றுகொண்டிருந்தது. சிறுத்தை சைவம் என்று மான் காட்டுக்குத் திரும்பிவந்து சாட்சி சொல்லிற்று.

அன்று பலீல் ஹாஜியார் டெலிபோனைத் தொடவில்லை.

காலை பத்து மணி. ஜெயிலரின் அலுவலகம்.

"என்னங்க ஹாஜியார், ஒரு போன் அடிச்சிருக்கலாமே?" என்றார் பாக்கியநாதன்.

"செத்தவரு போன் அடிச்சிட்டா போனாரு?"

ஜெயிலர் சிரித்தார். "குடும்பச் சண்டைங்க. அவளுக்கு வேற எவனோட தொடுப்போ என்னவோ. நமக்கேன் அது?"

"நேத்து அவர் அறைய விட்டு வெளிய வந்தாரா?"

"காலைல பொண்டாட்டியப் பாக்க வாசல் வரைக்கும் வந்தான். அப்புறம் உள்ள போனவன்தான். விளக்கமறியல் ஆளுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு சட்டம் எனக்குத் தெரியாதுங்களா?"

சன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் கோவாப் பாத்திகள் தெரிந்தன. இரண்டு வாரம் பெய்த மழை வெள்ளிக்கிழமைதான் விட்டிருந்தது. பாத்திகளின் ஓரத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, இன்னும் ஈரமாக நின்றது.

ஹாஜியார் நான்காம் அறையையும் பார்த்தார். சிமெந்துத் தரை, சுண்ணாம்புச் சுவர், ஒரு பாய்.

வாசலில் ஜௌபர் நின்றார். ஆள் பற்றாக்குறையால் பகலும் இரவும் அவருக்கே காவல். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பார்சலச் சோதிச்சது நீங்கதானே?"

"ஓம் ஹாஜியார். சட்டப்படி அந்தப் பொம்பளையே ஒரு துண்டு பிச்சுத் திண்டு காட்டினா."

"பிறகு?"

"பிறகென்ன? அப்பிடியே உள்ள அனுப்பினேன். நான் கையும் வெக்கல்ல."

"மருந்து வாடை ஏதும் அடிச்சதா?"

"இல்ல ஹாஜியார். வெறும் கொச்சிக்காயும் வெங்காயமும். உப்புக்கூட இல்லாத சம்பல். தோட்டத்துச் சனத்துக்கிட்ட வேற என்ன ஈக்கி?"

ஹாஜியார் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். பாக்கியநாதன் வழியனுப்ப வந்து கதவைச் சாத்தினார்.

"கோவாவ அடுத்த கெழமை அனுப்புறேங்க. இன்னைக்கு வேணாம்."

"நல்லாத்தானே திரண்டு நிக்குது?"

"இன்னும் கொஞ்சம் முத்தட்டுமே" என்றார் ஜெயிலர்.

பகல் பன்னிரண்டு மணி. வைத்தியசாலைப் பிரேத அறை.

யாகோப்பின் உடலில் மறியற்சாலையின் வெள்ளைச் சட்டை இருந்தது. உலர்ந்த, மடிப்புக் கலையாத சட்டை. இடது கணுக்காலில் மூன்று மூலையாய் ஒரு சிறு வெட்டு. அங்கிருந்து விரல்வரை ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

"அட்டை கடிச்சிருக்கு" என்றார் வைத்தியர். "தோட்டத்து ஆள்தானே? கடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்."

"மறியலுக்கு வந்து மூணு கெழமை, டொக்டர்."

வைத்தியர் குனிந்து மறுபடியும் பார்த்தார்.

"விஷம் வாய் வழியாத்தான் போனதா?"

"நுரையும் வாடையும் விஷம் என்று சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. கொழும்பிலிருந்து அறிக்கை வர வேண்டும். ஒரு மாதம் ஆகும்."

"அதுவரைக்கும் அந்தப் பொம்பள?"

"அது பொலிஸ் விஷயம்."

பகல் இரண்டு மணி. பொலிஸ் நிலையம்.

இருதயம்மா மூலையில் குந்தியிருந்தார். ஹாஜியாரைக் கண்டதும் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்தான் கொன்னேன்னு எழுதிட்டாங்களா ஐயா?"

"இன்னும் இல்ல. நேத்து அவர் என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"நீலக் கோடு போட்ட சட்டைங்க. சின்னவன் ஞானஸ்நானத்துக்கு எடுத்தது. மறியல்ல வேற ஏது சட்டை? அவரு தண்டனக் கைதி இல்லீங்களே."

"உங்ககிட்ட என்ன பேசுனாரு?"

"புள்ளைகளக் கேட்டாருங்க. அப்புறம், 'இங்கயும் டேங்கிய முதுகுல ஏத்திருவானுக போல'ன்னு சிரிச்சாரு. எனக்கு வெளங்கல. மணியடிச்சுட்டாங்க."

"வாசல்ல ரொட்டியையும் சம்பலையும் தின்னு காட்டினீங்களே, ருசி எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வியின் பொருள் விளங்காமல் அவர் விழித்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணுதாங்க. அவரு வெளிய வர்ற வரைக்கும் உப்புத் தொடமாட்டேன்னு அந்தோனியாருக்கு நேந்துக்கிட்டேன். வாசல்ல கட்டாயத்துக்குத்தான் ஒரு துண்டு. மூணு வாரமா உப்பில்லாமத் தின்ன நாக்குக்கு ருசி ஏது?"

பிற்பகல் நான்கு மணி. மீண்டும் ஜெயிலரின் அலுவலகம். பொலிஸ் இன்ஸ்பெக்டர் கதிரையில் இருந்தார், பாக்கியநாதன் மேசைக்குப் பின்னால், ஜௌபர் கதவருகே. பலீல் ஹாஜியார் மட்டும் உட்காரவில்லை.

"ஜௌபர், சம்பல்ல உப்பில்லன்னு காலைல எனக்குச் சொன்னீங்க. உப்பிருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது."

ஜௌபரின் முகம் வெளுத்தது.

"சமைச்ச பொம்பளைக்கே அது தெரியா. உப்புத் தொடாம நேத்திக்கடன்ல இருக்கிறவ, உப்புப் போட மறந்ததும் வெளங்கல, தின்னு காட்டினப்பவும் வெளங்கல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

ஜௌபர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"செல்லிட்டேன் எண்டா வேலை போயிரும் ஹாஜியார். அஞ்சு புள்ளைகள்."

"அங்க ரெண்டு புள்ளைகள். நாளைக்கு அதுகளுக்குத் தாயும் இல்ல."

ஜௌபர் தரையைப் பார்த்தபடி பேசினார். "பாதிய எடுத்தேன். எல்லாப் பார்சல்லயும் நாங்க பாதி எடுக்கிறதுதான். ரெண்டு ரொட்டி, சம்பல்ல பாதி. இங்கயே நிண்டு திண்டேன்."

"திண்டுட்டு உசிரோட நிக்கிறீங்க" என்றார் ஹாஜியார். "இன்ஸ்பெக்டர் ஐயா, அந்தப் பார்சல்ல விஷம் இல்ல."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அப்ப, பூட்டின அறைக்குள்ள விஷம் எப்பிடிப் போச்சு?"

"விஷம் அறைக்குள்ள போகல்ல. மனுசன்தான் வெளிய போனாரு. போன இடத்துல அத முதுகுல வாங்கிட்டு வந்தாரு; அந்த மருந்து தோல் வழியாவும் உடம்புல ஏறும். செத்தவரு கணுக்கால்ல புதுசா அட்டைக் கடி. சிமெந்துத் தரையில, சுண்ணாம்புச் சுவருக்குள்ள அட்டை ஏது? ஈரப் புல்லுலதான் அது கிடக்கும். காலைல நீலக் கோட்டுச் சட்டையோட நிண்டவரு உடம்புல, அந்தியானதும் மறியல் சட்டை. அவரோட தொழில் என்ன? மருந்தடிக்கிறது. பின்னால தோட்டம் யாரோடது?"

"என் தோட்டத்துல மருந்தே அடிக்கல" என்றார் பாக்கியநாதன். குரல் உயரவில்லை.

"நாலு வருசமா என்னை வெறுங்கையோட அனுப்பினதில்ல நீங்க. இன்னைக்கு மட்டும் கோவா தரல்ல. திரண்டு, வெட்டுற பதத்துல நிக்கிது, முத்தட்டும்னு சொன்னீங்க. நேத்து மருந்தடிச்ச கோவா என் வீட்டாக்கள் வயித்துக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். என் வயித்து மேல இருந்த அக்கறை அந்த மனுசன் முதுகு மேல இல்லாமப் போச்சே."

பாக்கியநாதன் மேசைமேலிருந்த மைக்கூட்டை நகர்த்தி வைத்தார். பிறகு அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

தோட்டத்துக் கொட்டிலை இன்ஸ்பெக்டரே திறந்தார். முதுகில் சுமக்கும் மருந்துத் தாங்கியின் அடிப்பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. உரச் சாக்குகளுக்குப் பின்னால் நீலக் கோட்டுச் சட்டை சுருட்டிக் கிடந்தது. முதுகுப் பக்கம் இன்னும் ஈரம். அந்த வாடைக்கு இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தார்.

பின்னால் வந்த ஜௌபர், யாரும் கேளாமலே சொன்னார். "அந்தியில வந்து குளிக்கக் கேட்டான். தண்ணி நேரம் முடிஞ்சுது எண்டு, சட்டைய மட்டும் மாத்தச் சொன்னாரு ஜெயிலர். ராவெல்லாம் கதவத் தட்டினான். நான் போய் ஜெயிலர்ட்ட செய்தி செல்லவும் செஞ்சேன். விடியட்டும் எண்டாரு."

"எவ்வளவு காலமா இந்த வேலை நடக்குது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஜௌபர் வாய் திறக்குமுன் பலீல் ஹாஜியார் பதில் சொன்னார்.

"நான் கோவா தின்ன காலமெல்லாம்."

அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைதியின் ரொட்டியைத் திருடிய குற்றத்துக்காக ஜௌபர் அந்த வாரமே வேலைநீக்கம் செய்யப்பட்டார். பாக்கியநாதன்மீது விசாரணை தொடங்கியது. அது முடியும்வரை அவர் வேறொரு மறியற்சாலைக்கு, அதே பதவியில், மாற்றப்பட்டார். அங்கும் பின்புறம் கொஞ்சம் நிலம் இருந்தது. பலீல் ஹாஜியார் சொல்லாமலே அங்கும் போகத் தொடங்கினார்; அவருக்கு யாரும் தேநீர் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு மாலையிலேயே இருதயம்மாவை விடுவித்தார்கள். பிரேத அறையில் கணவரைப் பார்த்துவிட்டு வந்தவரைப் பசறை பஸ்ஸில் ஏற்றிவிட ஹாஜியார் கூடவே நடந்தார். பஸ் புறப்பட நேரமிருந்தது.

"எப்படீங்க ஐயா கண்டுபுடிச்சீங்க?"

மறைக்க வழியில்லை, அவர் சொன்னார். காவலர் பாதியைத் தின்றதை, சம்பலைப் பற்றி வாய்தவறிச் சொன்னதை.

இருதயம்மா நின்றுவிட்டார். "உப்பில்லையா?"

"இல்லம்மா."

பொலிஸ் நிலையத்தில் அழாதவர், பிரேத அறை வாசலிலும் அழாதவர், பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பசியோட இருப்பாரேன்னு கடன் மாவு வாங்கிச் சுட்டேங்க. மிச்சப் பாதிய உப்பில்லாமத்தான தின்னுருப்பாரு. ஒரு சொல்லு சொல்லக்கூட இல்லாமப் போயிட்டாரே."

அந்த உப்பில்லாத சம்பல்தான் இருதயம்மாவுக்குக் கதவைத் திறந்தது என்று ஹாஜியார் சொல்லியிருக்கலாம். பஸ் புறப்பட்டது.