தாய்மாமன் மடி

பேத்தியின் காதுகுத்துக்குக் கிளம்ப வேண்டிய காலையில் காசிமாயன் பழைய பல்லவியை எடுத்துவிட்டார்.

"எல்லாம் நீ சொன்ன கதையால வந்த வினைதாண்டி. ஆம்பளப் பிள்ளைக்கு ராசகுமாரி கதை சொன்னா வேற எப்படி வளரும்? இன்னைக்குத் தாய்மாமன் மடிக்கு யாரடி உக்கார வைக்க?"

மனைவி தங்கப்பொண்ணு சீர்த்தட்டில் வேட்டியை மடித்து வைத்தாள். பதினோரு வருடமாகச் சுமக்கும் பழி. மூத்த பிள்ளை தமிழ்வாணியாக மாறி, செல்லூர் வீட்டை விட்டுப் பழங்காநத்தத்துக்குக் குடிபோன நாளிலிருந்து அவள் யாருக்கும் கதை சொன்னதில்லை. பேத்தி மடியில் படுத்துக் கேட்டபோதுகூட, "மறந்துபோச்சு தாயி" என்றுவிட்டாள். மறக்கவா செய்யும்? அவர் சொல்வதுதான் நிஜமோ என்ற பயம், பாவம் அவளுக்கு.

இளையவள் பாண்டிமீனா குழந்தைக்குத் தலைசீவியபடியே சொன்னாள். "எங்கூடப் பிறந்தது ஒரே ஆளுப்பா. அக்காவக் கூப்பிட்டுட்டேன். பழங்காநத்தம் போறப்பல்லாம் பாப்பாவுக்குக் கதை சொல்றதும் அவதான்."

"வரட்டும். வேட்டி கட்டிட்டு வந்தா மடியில வைக்கட்டும்."

உசிலம்பட்டிப் பக்கத்துக் குலசாமி கோயிலுக்குத் தமிழ்வாணி அரக்குப் புடவையில்தான் வந்தாள். காசிமாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுவிட்ட மாமன் சின்னக்கருப்பனை மனையில் உட்கார வைத்தார். ஆசாரி ஊசியை எடுத்ததுதான் தாமதம், குழந்தை வீறிட்டு, திமிறி ஓடி, ஓரமாக நின்ற தமிழ்வாணியின் காலைக் கட்டிக்கொண்டது.

"பெரியம்மா... கதை சொல்லு..."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டாள். ஆசாரியும் பின்னாலேயே வந்தார்.

"ஒரு ராசகுமாரன் வேட்டைக்குப் போனான். தாகத்துல ஒரு ஊருணியில இறங்கி முங்குனான். எந்திரிச்சா, பொண்ணு."

தங்கப்பொண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த நாளில் அவள் சொன்ன கதை.

"அப்புறம்?" என்றது குழந்தை.

"தண்ணியில முகத்தப் பாத்தா. அட, இவளத்தான இம்புட்டு நாளா தேடுனோம்னு சிரிச்சா. அப்படியே அரண்மனைக்கு நடந்தா."

அதற்குள் ஒரு காது குத்தியாயிற்று. குழந்தை லேசாகச் சிணுங்கியதோடு சரி.

"கேட்டியாடி, நீ சொல்லிக்குடுத்தத?" என்றார் காசிமாயன் மனைவியிடம்.

தமிழ்வாணி நிமிர்ந்தாள். "இல்லப்பா. அம்மா கதையில அவன் மறுபடி முங்கி ஆம்பளையாத்தான் எந்திரிப்பான். 'முங்க வேணாம்னு சொல்லும்மா'ன்னு நான் தெனம் அழுவேன். அம்மா ஒருநாளும் மாத்தல. ஆறு வயசுல நானா மாத்திக்கிட்டதுப்பா இது. அம்மாவ இனியும் வையாதீக..."

ஆமாம், பிள்ளை அழும். தண்ணீருக்குப் பயந்து அழுகிறது என்றல்லவா நினைத்திருந்தாள் தங்கப்பொண்ணு! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள்.

குழந்தை விடவில்லை. "அரண்மனைக்குப் போனாளே... அவ அப்பா என்ன சொன்னாரு?"

"அது எனக்குத் தெரியாது தங்கம்..." தமிழ்வாணி குழந்தையின் காதோர முடியை ஒதுக்கிவிட்டாள்.

காசிமாயன் சீர்த்தட்டின் அருகே போனார். அதிலிருந்த வேட்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"தங்கப்பொண்ணு, உனக்கு எடுத்த புதுச்சேலையக் குடு. தாய்மாமன் மரியாதை செய்யணும்."

சேலையைத் தமிழ்வாணியின் தோளில் போட்டார். "அவ அப்பா வாசலுக்கே வந்துட்டாருன்னு சொல்லு, தாயி... கொஞ்சம் லேட்டாத்தான் வந்தாரு."

தமிழ்வாணி அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள். பாண்டிமீனாவும் அழுதாள். ஆசாரி மட்டும் ஊசியோடு காத்திருந்தார், இன்னொரு காது பாக்கி.

தங்கப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளை ஒட்டி உட்கார்ந்து, பேத்தியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மிச்சக் கதைய நான் சொல்றேன், கேளு" என்றாள்.