பதினேழில் நின்ற பட்டியல்

ஆறரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிந்துவிடும் பட்டியல், அன்று ஏழு இருபதுக்கும் பதினேழாம் எண்ணிலேயே நின்றிருந்தது. திரையில் பச்சைக் கட்டம் அந்த ஒரு வரியின்மேல் மினுங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, முப்பத்தெட்டு வரை, ஒரு வள்ளத்தையும் யாரும் கூப்பிடவில்லை.

முட்டத்துக்குக் கிழக்கே, பாறைக்கு மேல் கடலைப் பார்த்தபடி இருந்தது மீனவர் சங்கத்தின் ஒயர்லெஸ் அறை. சாயங்காலம் கடலில் கிடக்கும் வள்ளங்களை எண் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்ததா என்று குறித்துக்கொள்வது லிஜாவின் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வேலையை அவள் கணினிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். அவள் எழுதிய நிரல், பதிந்து வைத்த அவள் குரலையே ரேடியோவில் அனுப்பும். பிறகு காது கொடுக்கும். வருகிற சத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலிருந்தால் மனிதக் குரல். கீழிருந்தால் வெறும் இரைச்சல். பேச்சு முடிந்து இரண்டு விநாடி அமைதி கிடைத்ததும் ஒரு டிக். அடுத்த எண். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வரவில்லையென்றால் ‘பதில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும். எவ்வளவு யோசித்தும், அது நடுவில் நிற்பதற்கு ஒரு காரணமும் அவளுக்குத் தெரியவில்லை.

பதினேழு அவள் கணவன் சிஜோவின் வள்ளம். போன நவம்பர் காற்றில் அவனும் கூட்டாளி கிளீட்டஸும் அதில் போய்த் திரும்பாமல் எட்டு மாதம் ஆகிறது. உடல் கரை சேராதவனுக்கு அடக்கப் பூசை இல்லை. பூசை நடக்கும்வரை அவன் எண்ணைப் பட்டியலிலிருந்து வெட்டுகிற வழக்கமும் அந்தக் கரையில் இல்லை. ஆகவே தினமும் அவள் குரல் மூன்று தடவை அவனைக் கூப்பிட்டது. ‘பதில் இல்லை’ என்று திரை எழுதும் நேரத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மைக்கை எடுத்து, மீதி வள்ளங்களைத் தன் வாயாலேயே கூப்பிட்டாள். பதினெட்டில் சிலுவைமுத்து மாமா இருந்தார்.

“ஏட்டி லிஜா, எங்கள மறந்தாச்சுன்னு நினைச்சேன். கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?”

“நேத்து ராத்திரி அதுவே தன்னைப் புதுசா மாத்திக்கிட்டுது மாமா. இப்ப பதினேழுல போய் நிக்குது.”

அவர் பேச்சை மாற்றி, மழை ஒன்று வருவதுபோல இருக்கிறது என்றார்.

சங்கச் செயலாளர் நேசமணியிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். அவர் ரொம்பத் தயங்கித்தான் பேசினார். இருபத்தோரு வள்ளம் முக்கால் மணி நேரம் கூப்பிடாமல் கிடந்திருக்கிறது, நாளைக்கும் இப்படி ஆனால் வள்ளக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றார். கடைசியில், “அந்த எண்ண எடுத்திரு மக்கா. பங்குச் சாமியார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றார்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எடுக்க வேண்டியதில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இயங்குதளம் மாறும்போது பழைய ஒலி அமைப்புகளை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. பழைய அமைப்பில் மெல்லிய சத்தங்களை இரைச்சல் என்று வடிகட்டும் ஒரு வசதி இருந்தது. இப்போது அது இல்லை. போதாததற்கு, உள்ளே வரும் ஒலியைப் புதிய அமைப்பு நான்கு மடங்கு பெருக்கியது. அப்படியானால் வெறும் கடலிரைச்சல்கூடக் குரல் என்று எண்ணப்படும். நிரல் அது முடியட்டும் என்று காத்திருக்கும். கடல் எப்போது முடியும்? நிரல் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அப்படியென்றால் முதல் எண்ணிலேயே நின்றிருக்க வேண்டும்.

மறுபடி ஓடவிட்டாள். பதினாறு வரை சரியாகப் போனது. பதினேழில் நின்றது.

வெளியே வெளிச்சம் முழுதாகப் போயிருந்தது. ஓட்டின்மேல் மழை ஒன்றிரண்டு சொட்டாக விழுந்தது. கருவாட்டு வாடையும், சூடான ரேடியோப் பெட்டியின் தூசு வாடையும் அறைக்குள் அடைந்து நின்றன. முப்பத்தெட்டு வள்ளத்தின் கரகரப்பும் தலைவலி தருகிறதென்று, நிரல் எழுதிய நாளிலிருந்தே ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருந்தாள். திரையைப் பார்த்தால் போதுமே. சற்றுமுன் வாயால் கூப்பிட்டபோது திறந்ததையும் பேசி முடித்ததும் அணைத்துவிட்டிருந்தாள். இப்போது அதன் குமிழைத் திருப்பினாள்.

டக். யாரோ ரேடியோவின் பேசும் பொத்தானை அழுத்தும் சத்தம். பிறகு தண்ணீர், மரத்தில் மெதுவாக மோதுகிற தண்ணீர். டக். பொத்தான் விடுபட்டது. ஒரு விநாடி ஒன்றுமில்லை. மறுபடி டக்.

இரண்டு விநாடி அமைதி கிடைக்கவே இல்லை. அதனால்தான் நிற்கிறது.

யாராவது குழந்தை ரேடியோ செட்டை வைத்து விளையாடலாம். ஏதாவது ஒரு வள்ளத்தில் பொத்தான் பழுதாகியிருக்கலாம். ஆனால் வேறு எண்ணைக் கூப்பிட்டால் அது வரவில்லை. பதினேழைக் கூப்பிட்டால் மட்டும் வந்தது.

நிரல் ஒவ்வொரு அழைப்புக்குப் பின் கேட்டதையும் தேதி போட்டுச் சேமித்து வைக்கும். பதினேழின் கோப்புகளை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. ‘பதில் இல்லை’ என்று எழுதிய பிறகு திறந்து பார்க்க அதில் என்ன இருக்கப்போகிறது? சேமிக்கும்போது வடிகட்டி குறுக்கே வராது. வந்த ஒலி வந்தபடியே இருக்கும். நவம்பர் நான்காம் தேதியை, காற்றடித்த அந்தச் சாயங்காலத்தைத் திறந்தாள். நான்கு மடங்கு பெருக்கினாள்.

காற்று. அதற்குள்ளே, மிகத் தூரத்தில்,

“லிஜா, பதினேழு. எஞ்சின் நின்னு போச்சு. முட்டத்து லைட் தெரியுது. கேக்குதா?”

அவள் அதை இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

அந்த மெல்லிய குரலை வடிகட்டி இரைச்சல் என்று தள்ளியிருந்தது. அன்று திரையைப் பார்த்துவிட்டுச் சங்கத்தில் சொன்னது அவள்தான். பதில் இல்லை, ரேடியோ எட்டாத தூரத்தில் இருக்கிறான். அவள் சொன்னதை வைத்துத்தான் எல்லா வள்ளங்களும் ஆழ்கடலுக்குத் தேடப் போயின. கலங்கரை விளக்கு தெரிகிற தூரத்தில் யாரும் தேடவில்லை.

ஐந்தாம் தேதி. “கேக்குதா?”

ஆறாம் தேதி. “கிளீட்டஸ் போயிட்டான். நீ கூப்பிடுதது எனக்குக் கேக்குதட்டி. நான் பேசுதது கேக்குதா?”

ஏழாம் தேதி குரல் இல்லை. டக். தண்ணீர். டக்.

சிஜோ கையில் வைத்திருந்த ரேடியோ செட்டின் பேட்டரி மூன்று நாளுக்கு மேல் தாங்காது. எட்டாம் தேதியைத் திறந்தாள். டிசம்பர். கிறிஸ்துமஸ். பெப்ரவரி. நேற்று.

டக். தண்ணீர். டக்.

எல்லாவற்றிலும்.

ரேடியோ தானாக உயிர் பெற்றது. அவள் நாற்காலி பின்னால் நகர்ந்தது. சிலுவைமுத்து மாமாதான். கிட்டத்துச் சத்தம் தூரத்துச் சத்தத்தை விழுங்கிவிடும். அவர் பேசியபோது அந்த டக் கேட்கவில்லை.

“மக்கா, இன்னைக்கு நீயே பேசினது நல்லாயிருந்துது. மெசினு பதில் வாங்குமே தவிர, கேட்டுதுன்னு சொல்லாதுல்லா. முன்னெல்லாம் கரையில இருந்து கேட்டுதுன்னு சொல்லுறது வரைக்கும் பொத்தான விடாம அழுத்திக்கிட்டே கிடப்போம். கடல்ல இருக்கவனுக்கு அதானே வேணும்.”

அவர் பேச்சை முடித்தார்.

டக்.

நிரலைத் திறந்தாள். பதினேழாம் வரி. அழிக்கும் பொத்தான்மேல் விரல் இருந்தது. அழித்தால் பட்டியல் ஓடும். நேசமணி அண்ணனுக்கு நிம்மதி. இருபத்தோரு வள்ளத்துக்கும் நிம்மதி.

தண்ணீர். டக்.

எட்டு மாதமாக அவள் கூப்பிட்டிருக்கிறாள். எட்டு மாதமாக அவன் பதில் சொல்லியிருக்கிறான்.

விரலை எடுத்தாள். மைக்கைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். அந்த ஒரு விநாடி இடைவெளிக்காகக் காத்திருந்தாள்.

“பதினேழு,” என்றாள். “கேட்டுது.”

மூச்சு. யாரோ நீளமாக விட்ட மூச்சு. ஈரமான மூச்சு. ஒலிபெருக்கிக்குள்ளிருந்து அல்ல. அவள் காதுக்குப் பக்கத்தில்.

டக்.

ஒரு விநாடி. இரண்டு விநாடி.

பதினேழுக்கு நேரே டிக் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மேசையிலிருந்த தாளை இழுத்து, நாளைக்கு யார் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் புரியும்படி எழுதினாள்:

பட்டியல் பதினேழில் நின்றால் எண்ணை அழிக்க வேண்டாம். மைக்கை எடுத்து, ‘கேட்டுது’ என்று சொல்லவும். தினமும் சொல்ல வேண்டும். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவான். பட்டியல் பதினெட்டுக்குப் போகும்.