எங்கே இருந்ததோ அங்கே

மகள் கதவைத் திறந்தாள். வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, வீட்டுக்குள் சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். கழித்தல் கணக்கு சரியாக வரவில்லை என்பது போல மறுபடி அவரைப் பார்த்தாள். ஒன்பது வயது.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லப்பா."

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். "யாரு?"

"அப்பா."

"அப்பாதான் ரூம்ல இருக்காரே."

அவர் சிரித்துக்கொண்டே போய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளினார். யாருமில்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது, கட்டில் விரிப்பின் ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது, துணியின் மேலேயே மறந்து வைத்துவிட்ட இஸ்திரிப் பெட்டியின் வாடை அறை முழுக்க நின்றது. ஒரு மாதத்துக்கு முன்பென்றால், ஆளில்லாத அறையில் விசிறி ஓடுவதில் ஆரம்பித்து மாமனார் வீட்டு வளர்ப்பில் போய் முடித்திருப்பார். இப்போது மெதுவாக சுவிட்சை அணைத்தார். சிகிச்சை வேலை செய்கிறது என்று தன்னையே மனதுக்குள் தட்டிக்கொடுத்தார்.

அவருக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம், இழப்பீட்டுப் பிரிவு. எரிந்த கடைக்கும் நசுங்கிய காருக்கும் பணம் கேட்டு வருகிறவர்களிடம், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, இல்லை என்று இனிமையாகச் சொல்வது வேலை. மேலாளர் எதிரில் அவர் குரல் தண்ணீரில் விழுந்த சர்க்கரை. பதினெட்டு வருடத்தில் அலுவலகத்தில் ஒருமுறைகூடக் கத்தியதில்லை. அவருடைய கோபத்துக்குப் பதவி வரிசை நன்றாகத் தெரியும். தன்னைவிடச் சின்னவர்கள் இருக்கும் இடத்தில்தான் அது வாயைத் திறக்கும். அப்படிப்பட்ட இடங்களில் அதற்கு ரொம்பப் பிடித்தது வீடு.

அங்கே ஒருநாள் அவர் எறிந்த தண்ணீர்க் கூஜா, மகளின் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதியது. மகள் அன்றிலிருந்து தாழ் போட்டுக்கொண்டு தூங்கினாள். மனைவி துணி மடித்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "யாரையாவது போய்ப் பாருங்க. அடுத்த தடவை நானும் அவளும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவோம். திரும்பி வர மாட்டோம்." அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். கத்தாததால் பயந்துபோனார்.

பார்த்தார். முதல் நிபுணரின் சுவரில் சட்டம் போட்ட பதினோரு சான்றிதழ்கள். "சினம் என்பது ஓர் அலை" என்று அவர் தொடங்கியபோது கைபேசி அடித்தது. குழாய் வேலைக்காரர் இன்றும் வரமாட்டாராம். அடுத்த கால் மணி நேரம் அந்த அலை குழாய்க்காரரின் மூன்று தலைமுறைக்கு மேலே போயிற்று. இரண்டாவது இடத்தில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து தலையணையைக் குத்த வேண்டும். தனக்கு மட்டும் கிழிந்த தலையணை கொடுத்தார்கள் என்று இவர் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

மூன்றாவது, குளியலறை ஓடு விற்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. சான்றிதழ் இல்லை, செயற்கை நீரூற்று இல்லை, ஊதுவத்தி இல்லை. எதிரெதிரே இரண்டு நாற்காலி மட்டும். ஒன்று அவருக்கு, ஒன்று காலி. ஆலோசகர் அம்மா ஜன்னலோரம் நின்றபடியே பேசினார்.

"கோபம் எங்க வரும்?"

"வீட்ல மட்டும்தான்."

"வேற எங்கயும்?"

"சேச்சே. வெளிய எனக்கு ரொம்ப நல்ல பேரு."

அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டார். "சரி, எடுத்துடலாம். வீட்ல எப்படிக் கத்துவீங்களோ அப்படியே அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்துங்க."

மூன்று வாரம், வாரம் ஒருமுறை, கத்தினார். முதல் நாள் தொண்டை கிழிந்தது. இரண்டாம் நாள், தான் நிறுத்திய பிறகும் குரல் கொஞ்ச நேரம் அறையில் ஓடியது போலிருந்தது. மூன்றாம் நாள் வாயைத் திறந்தார், ஒன்றுமே வரவில்லை. உள்ளே கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல் இருந்தது.

"முடிஞ்சது. இனிமே உங்ககிட்ட இல்ல."

"எங்க போச்சு?"

"எங்க இருந்துச்சோ அங்கதான்."

காசு வாங்குகிறவர்கள் சொல்லும் தத்துவம் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டினார். கிளம்பும்போதுதான் கவனித்தார். காலி நாற்காலியின் மெத்தை நன்றாக அமுங்கியிருந்தது.

மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

அடுத்த திங்கட்கிழமை வீடு திரும்பியபோது, மனைவி உடைந்த கண்ணாடித் தம்ளரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை, பீரோ கதவில் முஷ்டி அளவுக்கு நெளிவு. கையை வைத்துப் பார்த்தார். அச்சு எடுத்தது போலப் பொருந்தியது. சனிக்கிழமை, மனைவி காப்பியை நீட்டியபோது மணிக்கட்டில் நான்கு விரல் தடம் நீலமாகத் தெரிந்தது.

"யாரு பண்ணது இது?"

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். "விளையாடறீங்களா?"

"நான் இப்பதானே வர்றேன்."

"ரூமுக்குள்ள இருக்கும்போது ஒரு ஆளு. வாசல்ல வந்து நிக்கும்போது ஒரு ஆளு. எது நிஜம்னு எனக்குத் தெரியலங்க. தெரிஞ்சுக்கவும் வேணாம். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் வண்டியோட வருவாரு. நாங்க கிளம்பறோம்."

"போங்க. சீக்கிரம் போங்க" என்றார் அவர். மனதாரச் சொன்னார். படுக்கையறையின் சாத்திய கதவுக்குப் பின்னால், கட்டில் மெதுவாகக் கிறீச்சிட்டது.

மறுநாள் ஓடு விற்கும் கடையின் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். ஆலோசகர் அறையில் வேறொருவர் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா வெளியே வந்தார்.

"எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க" என்றார் இவர்.

"நான் எடுக்கறதோட சரி, சார். வச்சுக்க இடம் கிடையாது."

"நான் கூப்பிட்டா வராதா?"

"உங்க பேச்சை அது எப்ப கேட்டிருக்கு?"

ஐந்தரை மணிக்கு அவர் தன் கட்டடத்தின் படிக்கட்டில் நின்றார். மாலை வெளிச்சம் கைப்பிடிச் சுவரில் மஞ்சளாகக் கிடந்தது, யார் வீட்டிலோ துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று சுற்றி நின்றது, அது நின்ற அமைதியில் மேலேயிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. எங்கோ கேட்ட குரல். இவ்வளவு அசிங்கமாக ஒரு மனிதன் கத்துவானா என்று முகம் சுளித்தபடி இரண்டு படி ஏறியபின்தான், யார் குரல் என்று தெரிந்தது.

ஓடினார். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்.

எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வெளியே நிற்கும் இவரைப் பார்த்தார். உள்ளிருந்து வரும் இவர் குரலைக் கேட்டார். பல வருடப் பழக்கம். கதவைச் சாத்திக்கொண்டார். தொலைக்காட்சியின் சத்தம் இரண்டு மடங்கானது.

மைத்துனருக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. காவல் நிலையத்துக்கு அடித்தார்.

"என் வீட்டுக்குள்ள ஒரு ஆளு கத்தறான். என் பொண்டாட்டியும் பொண்ணும் உள்ள மாட்டிக்கிட்டாங்க."

"யாரு சார் கத்தறது?"

பொய் சொல்லத் தெரியவில்லை. "நான்தான்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"வெளிய."

வைத்துவிட்டார்கள்.

கதவை உடைக்க வேண்டும். அவ்வளவுதான். மட்டமான பலகைக் கதவு. அவரே ஒருமுறை உள்ளிருந்து உதைத்து விரிசல் விட்டது. காலைத் தூக்கினார். கால் போய்க் கதவில் பட்டது, தூங்கும் குழந்தையை எழுப்புகிற மாதிரி. மறுபடி உதைத்தார். அதே மாதிரி. பயம் இருந்தது. பயத்தால் கதவு உடையாது. உடைக்கிறது எதுவோ, அது உள்ளே இருந்தது.

"அப்பா?"

கீழேயிருந்து. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அடைக்கச் சொல்லி மனைவி நாலு வருடமாகக் கேட்டது. கேட்டபோதெல்லாம் அவர் கத்தியது.

மண்டியிட்டார். "கண்ணு, தாழைத் திற."

"எட்டல. மேல்தாழ். அப்பா போட்டுட்டாரு."

"அம்மா எங்க?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா எங்க, கண்ணு?"

"பேச மாட்டேங்கறாங்க."

கத்தல் நின்றது. அதன் பிறகு அந்தக் குரல் தணிந்து, ஏறக்குறைய அன்பாக, மகளின் பெயரைச் சொல்லி அழைத்தது. அந்தத் தணிந்த குரலை அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு எதுவும் தணியாது. கூஜா பறந்த அன்றும் அப்படித்தான் அழைத்தார்.

காலடி. அவருடைய நடை. இடது குதிகால் கொஞ்சம் தேயும்.

இடைவெளியில் நான்கு சின்ன விரல் நுனிகள் வெளியே வந்தன. பிடித்துக்கொண்டார். ஈரமாக இருந்தன.

"விடாதீங்கப்பா."

"விட மாட்டேன்."

காலடி நின்றது. இடைவெளியின் வெளிச்சம் அணைந்தது. இஸ்திரி வாடை.

விரல்கள் உள்ளே இழுபட்டன. பிடித்தார். இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கத் தேவையான ஏதோ ஒன்று கையில் இல்லை. பூவைப் பிடிப்பது போலத்தான் பிடிக்க வந்தது. மிக மென்மையாக.

ஒரு விரல் போயிற்று. இரண்டு.

"அப்பா."

மூன்று.

எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். கடைசி விரல், அவர் உள்ளங்கையை மெல்லக் கீறிக்கொண்டே, கதவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.