பச்சைப் பானை

வைகுண்டராஜ் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவள் அவருடைய மாணவி செல்லக்கனி. சூளைக் கொட்டகையின் கதவை ஆள் கூட்டி உடைக்க வைத்தவளும் அவள்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழி அவளிடம் வந்து நின்றது.

1991, அக்டோபர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருந்த அந்தச் சிறிய கலைக் கல்லூரி மழையில் ஊறிக் கிடந்தது. செண்பகத்தோப்புப் பக்கத்து மலை மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஆவுடையம்மாள் வந்து சேர்ந்தபோது மாலை ஆறரை. கொட்டகைக்குள் இன்னும் புகை நெடி அடித்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவின் உள்தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. பீங்கான் துறை ஆசிரியர் வைகுண்டராஜ் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் காய்ச்சல் மாத்திரை. கட்டிலுக்கு அடியில் ஒரு சுவரொட்டி.

ஆவுடையம்மாள் அதை எடுத்துப் பார்த்தார். கல்லூரியின் பீங்கான் கண்காட்சிக்கான விளம்பரம். நடுவில் பெரிதாக ஒரு சிவப்புப் பானை. நான்கு ஓரமும் கத்தி வைத்தது போல நேராக வெட்டியிருந்தது. பானையின் மேல் கரிக்கோலால் ஒரே ஒரு சொல், அழுத்தி எழுதியிருந்தது: பச்சை.

“பானை இன்னும் சுடலைன்னு குறிச்சு வச்சிருக்கார்மா. இங்க சுடாத பானையப் பச்சைப் பானைன்னுதான் சொல்லுவாங்க” என்றார் பிரின்சிபால். ஏட்டு கருத்தையாவும் தலையை ஆட்டினார். அவர் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் புகைபோக்கி. அதன் இடுப்பில் ஒரு இரும்புத் தகடு. டாம்பர் என்றார்கள். இழுத்தால் புகை மேலே போகும், தள்ளினால் அடைபடும். தகடு பாதிக்கு மேல் உள்ளே தள்ளப்பட்டிருந்தது.

“தீ அணைஞ்ச பொறவு அதைத் தள்ளி மூடுறது இந்தப் பிள்ளை வேலை. நேரங்கெட்ட நேரத்துல மூடிட்டா. புகை பூரா உள்ள திரும்பிருச்சு. நல்ல மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார்” என்றார் பிரின்சிபால்.

செல்லக்கனி தூணில் சாய்ந்து நின்றாள். கடைசி வருஷம். தேவதானம் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண்.

“என்ன நடந்துச்சு தாயி?”

“விடியங்காட்டியே சூளையப் பத்த வச்சோம். சாருக்குக் காய்ச்சல். ஒரு மணிக்கு, நீ ஹாஸ்டலுக்குப் போயி சாப்பிட்டுட்டு செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வான்னாக. மூணு மணிக்கு வந்தேன். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. காத்துக்குக் கதவு அடிக்கும், அதான் போட்டிருப்பாகன்னு வராந்தாவுல உக்காந்தேன்.”

“தட்டலையா?”

“காய்ச்சக்காரவுக. தூங்கட்டும்னு விட்டேன்.”

“புகை நாத்தம் வரலையா?”

“மழைக்குப் புகை கீழதான் எறங்கும். எப்பவும் அப்படித்தான். சூளையில டீசல் தீந்து பர்னர் நின்ன பொறவுதான் தட்டுனேன். சத்தமே இல்ல.”

“தகடைத் தள்ளுனது யாரு?”

“எனக்குத் தெரியாதுக்கா. நான் தொடவே இல்ல.”

அக்கா என்றது பிரின்சிபாலுக்குப் பிடிக்கவில்லை. ஆவுடையம்மாளுக்கு அது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை விஷயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் என்று எழுதிவிடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். கல்லூரி அவளை நீக்க முடிவு செய்துவிட்டது. தேவதானத்திலிருந்து அவள் அப்பா சேதுபதி வந்து, வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றார். மகளை ஜெயிலுக்கு அனுப்புவார்களா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

ஆவுடையம்மாளுக்கு ஒன்று மட்டும் இடித்தது. செய்த தப்பை மறைக்கிறவள், தகட்டைத் திரும்ப இழுத்துவிட்டுத்தானே ஆளைக் கூப்பிடுவாள்?

அந்தச் சுவரொட்டியைத் தயாரித்த பொன்னுராஜைப் பார்க்க விளம்பர வடிவமைப்புத் துறைக்குப் போனார். தற்காலிக ஆசிரியர், ராஜபாளையத்தில் குடியிருப்பவர். ஒல்லியான ஆள். விரல் நகமெல்லாம் மை. போன வருஷம் இவர் அச்சடித்த கையேட்டில் கலைக் கல்லூரி, ‘கவலைக் கல்லூரி’ ஆகிவிட்டது. ஊரே சிரித்தது. இன்னொரு தப்பு வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று பிரின்சிபால் சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்தப் பெயர் சரியாகத்தான் பொருந்துகிறது என்று நினைத்துக்கொண்டார் ஆவுடையம்மாள்.

“நேத்து எங்க இருந்திய?”

“சிவகாசியில. பிரஸ்ல சுவரொட்டி வாங்கிக்கிட்டு சாயங்கால பஸ்லதான் வந்தேன். வந்ததும்தான் விஷயம் தெரியும்.”

“செத்தவர் கட்டிலுக்கு அடியில ஒண்ணு கிடந்துச்சே?”

“அது மாதிரிக்கு அடிச்ச தாள் மேடம். போன வாரமே குடுத்தேன்.”

சுவரில் அதே மாதிரித் தாள் ஒன்று மாட்டியிருந்தது. சுற்றிலும் அகலமாக வெள்ளை விட்டு, மூலைக்கு மூலை கூட்டல் குறி போட்டிருந்தது.

“இது என்ன குறி?”

“வெட்டுறதுக்கு அடையாளம். மொத்தமும் அடிச்சு முடிச்ச பொறவுதான் பிரஸ்ல வெட்டுவாங்க.”

ஆவுடையம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார். கருத்தையாவைச் சிவகாசிக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

அடுத்த நாள் சூளை ஆறியது. பிரின்சிபாலும் பொன்னுராஜும் நிற்க, செல்லக்கனியை வைத்தே திறந்தார்கள். உள்ளே பானைகள் சிவந்திருந்தன. சூளை வாய்ப் பக்கம் நல்ல ரத்தச் சிவப்பு. அடிவரிசையில் மட்டும் அங்கங்கே பச்சை படர்ந்திருந்தது.

“அடேயப்பா, சுவரொட்டியில இருக்கிற மாதிரியே வந்திருக்கே!” என்றார் பிரின்சிபால், இடம் பொருள் பார்க்காமல்.

செல்லக்கனி அழ ஆரம்பித்தாள்.

“ஏன் தாயி?”

“சார் செவப்புக் கேக்கலைக்கா. ஆறு மாசமா பச்சைக்குத்தான் பாடுபட்டாக. கிளி மாதிரிப் பச்சை வரணும்னாக.”

அவள் காட்டிய அலமாரியில் சோதனைத் துண்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு.

“இது?”

“தப்பிப் போனது. டாம்பர் தானா நழுவி மூடிக்கிருச்சு. இந்தப் பூச்சுல செம்பு இருக்கு. தீக்குக் காத்து நல்லாக் கெடைச்சா பச்சை. காத்து கொறைஞ்சா செவப்பு. பொன்னுராஜ் சார் பாத்து, இதுதான் அழகுன்னு படம் எடுத்துக்கிட்டுப் போனாக.”

ஆவுடையம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பொன்னுராஜ் சார், பானை என்ன நிறம்னு வைகுண்டராஜ் சார்கிட்டக் கேட்டியளா?”

“கேட்டேன். ‘பானை பச்சை’ன்னார். இன்னும் சுடலைன்னு சொல்றார்னு நெனச்சேன். இந்தக் கொட்டகையில அந்த வார்த்தைக்கு அதான மேடம் அர்த்தம்?”

“வெளியாள் யாராயிருந்தாலும் நிறம்னுதான் புரிஞ்சிருப்பான். இவுக பேச்சு உங்களுக்கு நல்லாப் பழகிப் போச்சு, அதான் தப்புப் பண்ணிட்டிய. அந்தச் சிவப்புத் துண்டப் பாத்து நிறம் போட்டிய. அது குத்தமில்ல. பொறவு செஞ்சதுதான் குத்தம்.”

அவர் சுவரொட்டியை விரித்தார்.

“வைகுண்டராஜ் சார் இதுல பச்சைன்னு எழுதினது சுடாததுன்னு சொல்ல இல்ல. அச்சுல வந்த நிறத்தைத் திருத்துறதுக்கு. எப்ப எழுதினார்? போன வாரம்கிறிய. ஆனா நீங்க குடுத்த மாதிரித் தாளுக்கு வெள்ளை ஓரம் உண்டு. கட்டிலுக்கு அடியில கிடந்ததுக்கு ஓரமே இல்ல. கருத்தையா, பிரஸ்காரர் என்ன சொன்னார்?”

“அன்னைக்குக் காலையிலதான் வெட்டினாகளாம்மா. பதினோரு மணிக்கு இவரே கட்டித் தூக்கிக்கிட்டுப் போயிருக்கார்.”

“ஆக, அன்னைக்குக் காலையில வெட்டின தாள், தாழ் போட்ட கொட்டகைக்குள்ள இருக்கு. கொண்டு வந்தது நீங்க. இந்தப் பிள்ளை சாப்பிடப் போயிருந்த நேரம் வந்திருக்கிய. எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும்னு அவர் சொல்லியிருப்பார். அடிச்சா உங்க வேலை போயிரும். சுவரொட்டிய மாத்த முடியல. அவர் தாழ் போட்டுப் படுத்த பொறவு, பின்னால போயி டாம்பரத் தள்ளிப் பானைய மாத்திட்டிய. சரியா?”

தகரக் கூரையில் மழை கொட்டியது. பானையும் படமும் ஒத்துப் போனதால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஒத்துப் போனதுதான் தப்பு.

பொன்னுராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கொல்லணும்னு நெனைக்கல மேடம். முன்ன மாதிரி டாம்பர் நழுவிருச்சுன்னு நெனச்சுக்குவார்னு பாத்தேன். புகை வந்தா எந்திரிச்சு வெளிய வந்துருவார்னு நெனச்சேன்.”

“காய்ச்சல்ல படுத்தது தெரியாதா?”

“தெரியும். டிபார்ட்மென்ட்ல என் ரூம் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இந்தப் பிள்ளை வந்து வராந்தாவுல உக்காந்துச்சு. எப்படியும் கதவத் தட்டும்னு இருந்தேன். தட்டல. நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். கால் வரல.”

கருத்தையா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பிரின்சிபால் செல்லக்கனியிடம், “நீ திங்கக்கிழமையிலருந்து வகுப்புக்கு வாம்மா” என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் அகராதியில் அச்சாகவில்லை போலிருக்கிறது. கொட்டகை வாசலில் நின்ற சேதுபதி மட்டும் ஆவுடையம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். கும்பிட்ட கை நெடுநேரம் இறங்கவில்லை.

ஜீப்பில் ஏறப்போனபோது செல்லக்கனி மழையில் ஓடி வந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“நான் மூணு மணிக்கு வந்தப்பவே கதவத் தட்டியிருந்தா, சார் பொழைச்சிருப்பாகளா?”

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். உயிர் போனது ஐந்து மணிக்கு மேல்தான். அதற்கு அரை மணி முன்னால் கதவைத் திறந்திருந்தால்கூட ஆள் பிழைத்திருப்பார்.

பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதற்குத்தான் ஆவுடையம்மாளுக்குச் சம்பளம்.

“இல்ல தாயி” என்றார். “நீ வாரதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு.”

செல்லக்கனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பாவிடம் திரும்பி நடந்தாள். அவள் நம்பினாளா என்பதை மட்டும் ஆவுடையம்மாளால் கண்டுபிடிக்க முடியவில்லை.