மிதிலாவின் முதுகு

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு கொல்லிமலை ஏறத் தொடங்கியபோது மணி இரண்டு. வளைவுகள் எல்லாம் முடிகிறவரை மிதிலா கண்ணைத் திறக்கவில்லை. தலைசுற்றல் என்றார். ஒன்பது வருடமாக அவருக்கு முடி அலங்காரம் செய்கிறவள் நான். அது தலைசுற்றல் இல்லை, பயம் என்று எனக்குத் தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மிதிலாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வந்த முதல் படத்தில், சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் பனிக்குள் நடந்து போய்ப் பாறை விளிம்பில் நிற்பாள். முதுகுதான் தெரியும். இடுப்புவரை தொங்கும் கூந்தல் காற்றில் பறக்கும். அந்த ஒரு காட்சிதான் போஸ்டர் ஆனது, காலண்டர் ஆனது, மிதிலாவை நட்சத்திரம் ஆக்கியது. பிறகு இருபத்து மூன்று படங்கள். கடைசி இரண்டு வருடங்களாக மட்டும் வாய்ப்பு இல்லை. அம்மா வேடத்துக்குக் கேட்டார்கள்.

அப்போதுதான் இயக்குநர் இளங்கோ வந்தார். அதே கொல்லிமலை, அதே பாறை, அதே சிவப்புச் சேலை. மிதிலா இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மலைமேல் திண்ணனூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில், மிளகுத் தோட்டத்துக்கு நடுவே இருந்த பழைய பங்களா அது. உள்ளே ஈரமரமும் மிளகும் கலந்த வாடை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செங்கோடன் எங்கள் பெட்டிகளை இறக்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் மரவள்ளி போட்டிருந்தார்.

"ஏனுங்க, மூணு பேத்துக்கும் இப்பவே வெந்நி வெச்சுப்போடட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டு பேர்தாங்க."

"அப்பறம் கடைசியா ஒரு அம்மணி எறங்குனாங்களே? சேலையெல்லாம் நனஞ்சு..."

மழை பெய்யவில்லை. காரில் நானும் மிதிலாவும் மட்டும்தான் வந்திருந்தோம். டிரைவர் ஆண்.

மிதிலா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு முதல் ஷாட். பாறை, வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் பின்னறையில் மிதிலாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவருடைய முடி மிகவும் கொட்டிப்போயிருந்தது. சவுரி வைத்துக் கிளிப் போட்டு, அதன் மேல் சொந்த முடியைப் பரப்பி மறைக்க வேண்டும். ஒருமணி நேர வேலை. பாதிதான் முடிந்திருந்தது.

வெளியே கைதட்டல் கேட்டது.

உதவி இயக்குநர் விமல்ராஜ் ஓடிவந்தான். "மேடம், சூப்பர் மேடம்! ஒரே டேக்! டைரக்டர் கண்ணு கலங்கி..."

வாசலிலேயே நின்றுவிட்டான். மிதிலாவின் பாதித் தலையையும் என் கையில் இருந்த சவுரியையும் மாறிமாறிப் பார்த்தான். சிவப்புச் சேலை அவன் பக்கத்திலேயே ஹாங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிதிலா தலையோடு சால்வையைப் போர்த்திக்கொள்ள, நாங்கள் மூவரும் மானிட்டர் இருந்த இடத்துக்குப் போனோம். பனி ஆளை மறைக்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. இளங்கோ எடுத்ததைப் போட்டுக் காட்டினார். சிவப்புச் சேலையில் ஒரு பெண் பனிக்குள் நடந்து போகிறாள். விளிம்பில் நிற்கிறாள். காற்று அடிக்கிறது. சேலை மட்டும் அசையவில்லை. உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. நுனியில் நீர் சொட்டுகிறது.

"பன்னெண்டு வருஷம் கழிச்சும் அதே நடை! எப்படி மேடம்?" என்றார் இளங்கோ.

விமல்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஆமா," என்றார் மிதிலா. "ஷாட் முடிஞ்சதும் சேலைக்கு மேல சால்வை போத்திக்கிட்டு அப்படியே வந்துட்டேன்."

அவர் குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

பிற்பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, பாறையில் நடந்தது யார் என்று மிதிலாவிடம் கேட்டேன். சீப்பை என் கையில் கொடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"அந்த முதல் படத்துலயும் நான் நடக்கல, சங்கீதா. எனக்கு உயரம்னா பயம். இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி வேடிக்கை பாக்க வந்திருந்தா. பேரு கண்ணாயி. பத்தொன்பது வயசு. என் உயரம், இடுப்பு வரைக்கும் முடி. அவளுக்குச் சேலை கட்டி அனுப்பினாங்க."

"அப்புறம்?"

"போறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டா, படத்துல என் மூஞ்சி தெரியுமாங்கன்னு. தெரியும்னு சொன்னேன். சும்மா சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போனா. நின்னா. ஷாட் முடிஞ்சு திரும்பும்போது காலு வழுக்கி, கீழ ஊத்துத் தண்ணி நிக்கிற பள்ளத்துல விழுந்துட்டா."

நான் சீப்பைக் கீழே வைத்தேன்.

"யாரும் கீழ எறங்கித் தேடல. அவ லைட்மேன் ஒருத்தனோட ஓடிப்போயிட்டாள்னு ஊர்ல சொல்லிட்டு, அன்னிக்கே எல்லாரும் மலை எறங்கிட்டோம். என்னைப் பேசக்கூடாதுன்னாங்க. பேசல. படம் ஓடுச்சு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "செங்கோடன் அவ அண்ணன்."

"இப்பவாவது சொல்லிடுங்க மேடம்."

"படம் முடியட்டும். இப்ப சொன்னா எல்லாம் போயிடும்."

"அவருக்குப் பன்னெண்டு வருஷம் போயிருக்கு மேடம்."

கதவு தட்டப்பட்டது. செங்கோடன் டீ கொண்டுவந்திருந்தார். வைத்துவிட்டுப் போகாமல் தயங்கி நின்றார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? எந்தங்கச்சி ஒருத்தி, சினிமாக்காரங்க கூடப் போனவ, மெட்ராசுலதான் எங்கியோ இருக்கோணும். எப்பவாச்சும் கண்ணுல பட்டா, அண்ணனுக்குக் கோவமில்லைன்னு சொல்லிப்போடுங்க. ஊட்டுக்கு வரச்சொல்லுங்க, சாமி."

நான் மிதிலாவையே பார்த்தேன். அவர் உதடு திறந்தது.

"பாத்தா சொல்றேன்," என்றார்.

அந்த நொடியில் அறைக்குள் பாசி வாடை எழுந்தது. கிணற்றடியில் வருமே, அந்த வாடை. செங்கோடனும் அதை முகர்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெளியே போனார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில், ஈரமான இரண்டு பாதச் சுவடுகள் இருந்தன.

அவர் செருப்பு போட்டிருந்தார்.

மறுநாள் காலை, இன்னொரு ஷாட். பாறை விளிம்பில் நின்று மிதிலா திரும்பிப் பார்க்க வேண்டும், முகம் தெரிய வேண்டும் என்றார் இளங்கோ. இடுப்பில் கயிறு கட்டச் சொன்னேன். கயிறு சேலைக்கு மேல் தெரியும், ஷாட் கெடும் என்று பயத்தை விழுங்கிக்கொண்டு மிதிலாவே மறுத்துவிட்டார். இந்த முறை சேலையைக் கட்டிவிட்டது நான். சவுரியை ஆறு கிளிப் போட்டு இறுக்கியதும் நான்.

நடந்தார். பனி அவரை விழுங்கியது.

விளிம்புக்குப் பக்கத்தில் சிவப்பு தெரிந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு.

"மேடம்!" என்று கத்தினேன். இளங்கோ என்னை அடக்கினார். பனி இன்னும் அடர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. பறவைகூடக் கத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு பனியிலிருந்து மிதிலா வந்தார்.

நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணிமைக்கவில்லை. இளங்கோ மெய்மறந்து நின்றார். அப்படி ஒரு பார்வையை மிதிலாவிடம் நான் கண்டதே இல்லை.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கூந்தல் நனைந்திருந்தது. சவுரியைக் கழற்றலாம் என்று கிளிப்பைத் தேடினேன்.

கிளிப் இல்லை.

விரல்களை வேர்வரை விட்டுப் பார்த்தேன். சவுரியே இல்லை. அவ்வளவு முடியும் தலையிலிருந்துதான் முளைத்திருந்தது. என் கையில் பச்சையாகப் பாசி ஒட்டியது.

கண்ணாடியில் மிதிலாவின் முகம் என்னைப் பார்த்தது.

"ஏனுங்க," என்றது, கிசுகிசுப்பாக. "படத்துல என் மூஞ்சி தெரியுமுங்களா?"

"தெரியும்," என்றேன். அதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

அது சிரித்தது.

அன்று மதியமே மலையிறங்கினார்கள். காரில் ஏறுமுன் அவள் செங்கோடன் அருகே நின்று, "அண்ணா, வாரேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் செங்கோடன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் காரில் ஏறவில்லை.

கார் போனதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. நான்கு பேரோடு கயிறு கட்டிப் பாறைக்குக் கீழே இறங்கினார். மாலைக்குள் மேலே வந்தார். துண்டில் முடிந்து கொண்டுவந்தது எலும்புகளும், மக்கிப்போன சிவப்புத் துணியும். பழைய எலும்புகள். ஒருத்தியுடையவை.

"வேற யாரும் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அடிவரைக்கும் தேடியாச்சு."

மரவள்ளிக் காட்டு ஓரத்தில் தங்கையைப் புதைத்தார்.

அது மிதிலா இல்லை என்று இளங்கோவிடம் சொன்னேன். உனக்கு ஓய்வு தேவை என்றார். போலீசில் சொன்னேன். மிதிலா மேடம் நேற்றுத்தானே டப்பிங் பேசினார் என்று சிரித்தார்கள். விமல்ராஜ் மட்டும் சினிமாவை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

படம் வெளிவந்து பெரிய வெற்றி. அந்த முகத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். இப்போது அவள் கையில் ஐந்து படங்கள். எதிலும் முதுகைக் காட்டி நடிக்க மாட்டாளாம்.

நான் சேலத்துக்கு வந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பகல், டிவியில் ஒரு விருது விழாவை நேரலையாகக் காட்டினார்கள். அவள் மேடையில் நின்று, கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது.

மிதிலாவின் பழைய நம்பர்.

எடுத்தேன். காற்று. எங்கோ ஆழத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். டிவியில் கைதட்டல்.

"சங்கீதா," என்றார் மிதிலா, பற்கள் அடித்துக்கொள்ள. "என்னை விட்டுட்டு எல்லாரும் மலை எறங்கிட்டீங்களா?"